எல்லை கடந்த பணிவாழ்வுக்கு ஆயத்தமாவது எப்படி?

வெளிநாட்டில் பணியாற்ற விரும்புவோர் பெரும்பாலும் நாட்டைத் தேர்ந்தெடுப்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எங்கே சம்பளம் அதிகம், எங்கே விசா எளிது என்று விசாரிப்பதிலேயே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. நிறுவனங்கள் ஆள் தேடும் விதம் வேறு. இரண்டு கிளைகளை ஒன்றாக இணைக்கும்போதோ, பழைய மென்பொருளைக் கைவிட்டுப் புதியதற்கு மாறும்போதோ, புதிய சந்தையில் அலுவலகம் திறக்கும்போதோதான் ஊழியர் ஒருவரை எல்லை தாண்டி அனுப்பும் தேவை எழுகிறது. ஆகவே நீங்கள் முதலில் கண்டறிய வேண்டியது, உங்கள் நிறுவனத்தில் இப்போது எந்த வேலை நிலைகொள்ளாமல் மாறிக்கொண்டிருக்கிறது என்பதை.

அத்தகைய வேலைக்கு முன்வருவோர் குறைவு. பழகிய பொறுப்பை விட்டுவிட்டுத் தோல்விக்கும் இடமுள்ள ஒன்றை ஏற்பதற்குப் பலரும் தயங்குவார்கள். நீங்கள் ஏற்பதாக இருந்தால் மூன்று கேள்விகளுக்கு விடை பெற்ற பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள்: எந்த முடிவுகளை நீங்களே எடுக்கலாம், மற்ற நாட்டில் உங்களுக்கு இணையான பொறுப்பில் இருப்பவர் யார், வேலை முடிந்தது என்று எதை வைத்துத் தீர்மானிப்பார்கள். விடைகளை மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம். மேலதிகாரி மாறிவிட்டால் வாய்மொழி ஏற்பாடுகள் நிலைப்பதில்லை.

குழுவை வழிநடத்திய அனுபவத்துக்குக் குடியேற்றச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. ஒரே நிறுவனத்தின் கிளைகளுக்கிடையே மாற்றலாகி அமெரிக்கா செல்வதற்கான எல்-1 விசாவுக்கு, முந்தைய 3 ஆண்டுகளுக்குள் தொடர்ச்சியாக 1 ஆண்டு அந்நிறுவனத்தின் வெளிநாட்டுப் பிரிவில் பணியாற்றியிருக்க வேண்டும். சிறப்பறிவு கொண்ட ஊழியர்கள் அதிகபட்சம் 5 ஆண்டுகள் தங்கலாம் என்றால், மேலாளர்கள் 7 ஆண்டுகள் வரை தங்கலாம். ஒரே நிறுவனத்துக்குள் நடக்கும் மாற்றலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வகுத்த விதிகளும் மேலாளர்களையும் வல்லுநர்களையும் தனி வகையினராகவே கருதி, 3 ஆண்டுகள் வரை அனுமதிக்கின்றன. எத்தனை பேரை வழிநடத்துகிறீர்கள், அவர்களது பணி மதிப்பீட்டிலும் நியமனத்திலும் உங்களுக்கு என்ன அதிகாரம் உண்டு என்பவை உங்கள் பணிவிவரக் குறிப்பில் துல்லியமாகப் பதிவாகியிருக்கட்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் சமயத்தில் அந்தந்த அரசின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இடம்பெயர்வதற்கு முன்பே, இருக்கும் இடத்திலிருந்தபடி பல நாட்டவர் கொண்ட குழு ஒன்றை நடத்திப் பார்ப்பது மிகச் சிறந்த பயிற்சி. தொழில்நுட்பத் திறமையால் மட்டும் தீர்க்க முடியாத சிக்கல்கள் அங்கேதான் எழும். கூட்டத்தில் எல்லோரும் தலையசைப்பார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் வேலை நகர்ந்திருக்காது. சிலருக்கு “ஆம்” என்பது “ஒப்புக்கொள்கிறேன்”. வேறு சிலருக்கு “நீங்கள் சொன்னது காதில் விழுந்தது” என்பதே அதன் பொருள். சில சமூகங்களில் பெரும்பகுதி செய்தி சொற்களிலேயே அடங்கிவிடுகிறது என்றும், வேறு சிலவற்றில் அது சூழலிலும் உறவிலும் மௌனத்திலும் பொதிந்திருக்கிறது என்றும் மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் விளக்கினார். சமூக உளவியலாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் 1967 முதல் 1973 வரையிலான காலத்தில் ஐபிஎம் ஊழியர்களிடம் பல நாடுகளில் திரட்டப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை ஆராய்ந்து, மேலதிகாரியிடம் மாற்றுக்கருத்து சொல்லும் துணிவு நாட்டுக்கு நாடு வேறுபடுவதைக் காட்டினார். அவை நாட்டளவிலான சராசரிகள் மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. எதிரில் அமர்ந்திருப்பவரை அவருடைய கடவுச்சீட்டை வைத்து எடைபோடுவது பெரிய தவறு; நான் பார்த்தவரை நல்ல குழுக்களைக்கூட அது குலைத்துவிடுகிறது.

இதற்குக் கைகொடுக்கும் நடைமுறைகள் எளியவை. விடாமல் கடைப்பிடிப்பதுதான் கடினம். விவாதப்பொருளை ஒரு நாள் முன்னதாகவே அனுப்பி, கருத்துகளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குபவர் எழுத்தில் தெளிவாகச் சொல்வார். பேசும்போது அனுபவம் குறைந்தவருக்கு முதல் வாய்ப்பு, உங்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் கிடைக்கும் விடை பயன்படாது, “முதலில் எதைச் செய்யப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். கூட்டம் முடிந்த அன்றே, எடுத்த முடிவு, பொறுப்பாளர், நாள் ஆகிய மூன்றையும் எழுதி அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

தவறை ஒப்புக்கொள்பவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைக் குழு கூர்ந்து கவனிக்கும். மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, சிறப்பாக இயங்கிய குழுக்களில் பதிவான பிழைகள் கூடுதலாக இருந்தன. பிழையை மறைக்காமல் சொல்லும் துணிவு அங்கே இருந்ததே அதற்குக் காரணமாக அவர் கண்டது. தொலைவிலிருந்து வழிநடத்தும்போது இது இன்னும் முக்கியம். சொல்லப்படாத பிழையை நேரில் பார்த்து அறியும் வாய்ப்பு உங்களுக்கு இல்லை.

நேர வேறுபாட்டின் சுமையும் நியாயமாகப் பகிரப்பட வேண்டும். நள்ளிரவுக் கூட்டம் எப்போதும் ஒரே நாட்டவருக்கு வாய்க்காதபடி நேரத்தைச் சுழற்சி முறையில் மாற்றுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னகர்த்துவதால், இடைப்பட்ட வாரங்களில் வழக்கமான கூட்ட நேரம் குழம்பிவிடும்; அதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

இனி, பயணம். கல்விச் சான்றிதழ்களுக்கு 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி, ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரை பெறுவது, ஓராண்டில் எத்தனை நாள் தங்கினால் வரி விதிக்கலாம் என்பதற்குப் பல நாடுகள் பயன்படுத்தும் 183 நாள் வரம்பு உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று வரி ஆலோசகரிடம் கேட்பது ஆகிய இரண்டையும் புறப்படுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். செல்லும் நாட்டின் மொழியில், மொழித்திறனை அளக்கும் ஐரோப்பியத் தரவரிசையின் இடைநிலையான பி1 நிலையையாவது எட்டியிருந்தால், சக ஊழியர்களின் சாதாரண உரையாடல்களிலிருந்து விலகி நிற்க நேராது.

சென்ற பிறகு வரும் தளர்ச்சியையும் எதிர்பார்த்திருங்கள். நார்வேயிலிருந்து அமெரிக்கா சென்று திரும்பிய கல்வி உதவித்தொகையாளர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், முதல் சில மாதங்களின் உற்சாகம் 6 முதல் 18 மாதங்கள் வரையிலான காலத்தில் சரிந்து பின்னர் மீள்வதாக 1955இல் எழுதினார். எல்லோருக்கும் அதே கணக்கு பொருந்துவதில்லை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும், தளர்ச்சி உச்சத்தில் இருக்கும் காலத்தில் ஊர் திரும்பும் முடிவை எடுக்காமல் ஒத்திப்போடுவது நல்லது என்றே நான் சொல்வேன்.

அந்தத் தளர்ச்சிக்கு ஒரு பயனும் உண்டு. பழைய இடத்தில் வல்லுநராக மதிக்கப்பட்டவர் புதிய இடத்தில் ஒரு படிவத்தை நிரப்பவும் பிறரிடம் கேட்க வேண்டியவராகிறார். நீங்கள் நடத்தவிருக்கும் மாற்றம் உங்கள் குழுவினரையும் இதே நிலையில்தான் நிறுத்துகிறது. இருபது ஆண்டுகளாக ஒரு முறையில் கைதேர்ந்தவர் புதிய முறையை எதிர்க்கும்போது, சோம்பலால் எதிர்க்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். தம் திறமைக்கு இருந்த மதிப்பு பறிபோகிறது என்பதே அவருடைய வருத்தம். மாற்றத்தின் நன்மைகளை அடுக்குவதற்கு முன், யார் எதை இழக்கிறார்கள் என்று பட்டியலிட்டு, அவர்களிடம் தனித்தனியே பேசுங்கள். பழைய முறையின் நுணுக்கங்களை அறிந்த அவரையே புதிய முறையின் சோதனைக்குப் பொறுப்பாக்கினால், எங்கே அது உடையும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே அவர் சொல்லிவிடுவார்.

அடுத்த வாய்ப்பு எங்கிருந்து வந்தாலும், நீங்கள் விலகினால் இங்கே என்ன ஆகும் என்ற கேள்வி நிச்சயம் கேட்கப்படும். வந்த முதல் ஆண்டிலேயே உங்கள் இடத்துக்கு உள்ளூர் ஊழியர் ஒருவரை இனங்காணுங்கள். முடிவுகளின் காரணங்களை அவருடன் பேசிப் பேசிப் பழக்குங்கள். கடைசி மூன்று மாதங்களில் கூட்டங்களை அவரே நடத்தட்டும். நீங்கள் ஓரமாக அமர்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.