கச்சானுக்கு வடகரை, வாடைக்குத் தென்கரை: ராமநாதபுரம் கடலோரத்தில் ஆயில் ஓவியம்

பாம்பனில் படகுகளுக்குப் பெயர் எழுதுவது என் தொழில். பழைய கட்டடங்களையும் கரையையும் நேரில் நின்று ஆயில் கலரில் தீட்டுவது, தொழில் போக மிச்சமிருக்கும் நேரத்தில் நான் விடாமல் செய்யும் வேலை. வெளியூரிலிருந்து பெட்டியோடு வருகிறவர்கள் என்ன கலர், என்ன பிரஷ் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது, எந்த மாதம் வருகிறீர்கள் என்று. இந்தக் கரையில் காற்றைப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

நமக்கு ஒரு வசதி உண்டு. மண்டபம் முனைக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் வடக்கே பாக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்போம். வடகடல் சாது என்பதால் பெண் கடல் என்றும், தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வதுண்டு. வைகாசி கடைசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்த மாதங்களில் தென்கரைக்குப் போகாதீர்கள். தேவிபட்டினம், தொண்டி, தங்கச்சிமடத்தின் வடக்குப் பக்கம் என்று போனால் வீடுகளும் தென்னையும் பனையும் முதுகுப்பக்கம் நின்று காற்றை வாங்கிக்கொள்ளும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று. அப்போது கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், பாம்பனில் என்றால் குந்துகால். தனுஷ்கோடியை மட்டும் தை, மாசி, பங்குனிக்கு என்று ஒதுக்கி வையுங்கள். இரண்டு கடலுக்கும் நடுவே அங்கே மறைப்பு என்று ஒன்றுமே கிடையாது. ஆடியில் போனால் கலரைவிட மணல்தான் பலகையில் அதிகம் இருக்கும்.

சாமான் குறைவாக இருக்கட்டும். பெரிய கேன்வாஸ் இங்கே பாய் விரித்த மாதிரி காற்றைப் பிடிக்கும். 8-க்கு 10 அங்குலப் பலகை போதும். ஹார்டுபோர்டை மரக்கடையிலேயே அந்த அளவுக்கு அறுத்துத் தருவார்கள். வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை மூன்று கை அடியுங்கள். பின்பக்கமும் ஓரங்களும் விட்டுப்போகக் கூடாது. உப்பங்காற்றின் ஈரம் ஓரம் வழியாகத்தான் உள்ளே ஏறும், பலகை வளைந்துவிடும். ஜெஸ்ஸோ காய்ந்த பிறகு பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு பூசி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வெள்ளைப் பலகையை இந்த வெயிலில் கண் திறந்து பார்க்கவே முடியாது. அந்தச் செம்மண் நிறத்தின்மேல் வைத்தால்தான் எது வெளிச்சம், எது நிழல் என்று கண்ணுக்குச் சரியாகப் படும்.

பலகையைத் தாங்கும் ஈஸலுக்கு கேமரா ஸ்டாண்டு மாதிரி மூன்று கால் இருந்தால் போதும். ஒரு துணிப்பையில் அங்கேயே மணலை அள்ளிப் போட்டு நடுவில் தொங்கவிடுங்கள். பலகையின் முகம் காற்றைப் பார்க்கக் கூடாது, விளிம்புதான் பார்க்க வேண்டும். குடை வேண்டாம், ஈஸலையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும். சுவர் நிழலையோ மர நிழலையோ தேடி நில்லுங்கள். பலகையும், கலர் கலக்கும் பேலட்டும் ஒரே நிழலில் இருப்பது முக்கியம். வெயிலில் வைத்துத் தீட்டினால் அங்கே பளிச்சென்று தெரியும், வீட்டுக்குள் கொண்டுவந்து மாட்டினால் இருண்டு கிடக்கும்.

கலர் ஆறு போதும்: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), லெமன் எல்லோ, பர்ன்ட் சியன்னா, கிரிம்சன் (அடர் சிவப்பு). வெள்ளை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள். கறுப்பு தேவையில்லை, அல்ட்ராமரினும் சியன்னாவும் சேர்ந்தால் அதைவிட உயிருள்ள கருமை கிடைக்கும். மொத்தத்தையும் பேலட்டில் பிதுக்கி வைக்காமல், வேண்டியபோது கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுக்குங்கள். 1841-ல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்குவதற்கு முன்னால், அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். டியூப் வந்த பிறகுதான் ஆயிலை வெளியே தூக்கிக்கொண்டு போவது சுலபமானது. அந்த மூடியின் அருமை, மணல் பறக்கும் நாளில் நன்றாகப் புரியும்.

எங்கள் தொழிலில் எனாமலுக்கு ஊற்றும் தின்னரை இதில் சேர்க்கவே கூடாது. கலக்க ஓவியக் கடையில் விற்கும் டர்பன்டைன், பிரஷ் கழுவ பெயின்ட் கடையில் கிடைப்பது. லின்சீட் (ஆளிவிதை) ஆயில் சின்னப் பாட்டில் ஒன்று. பிரஷ் தட்டையான முரட்டு முடியில் மூன்று, கோடு இழுக்க மெல்லியதாக ஒன்று.

சரி, இடம் பிடித்தாகிவிட்டது. உடனே பிரஷை எடுக்காதீர்கள். தனுஷ்கோடி தேவாலயத்தையே எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கு நிற்கிறீர்கள் என்றால், ஒன்பது மணிக்குள் நிழல் முழுக்க வேறு இடத்துக்குப் போய்விடும். உங்களுக்குக் கிடைப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். அதில் கால் மணி நேரத்தை வெறுமனே பார்ப்பதற்குக் கொடுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். கல், ஓட்டை, விரிசல் எல்லாம் மறைந்து, வெளிச்சம் ஒரு துண்டு, நிழல் ஒரு துண்டு, வானம் ஒரு துண்டு என்று பிரிந்து நிற்கும். அந்த மூன்றையும் உள்ளங்கை அளவு தாளில் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சின்னப் படம் பார்க்க நன்றாக இல்லையென்றால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். பெரிய படத்தில் அது தானாகச் சரியாகாது.

பிறகு சியன்னாவை நீர்க்கக் கரைத்துப் பலகையில் கோடு. முதலில் அடிவானம். அது உங்கள் கண் மட்டத்தில்தான் இருக்கும், மட்டப்பலகை வைத்த மாதிரி நேராக இருக்க வேண்டும். கடல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மேலே என்ன தீட்டியும் பயனில்லை. இடிந்த சுவரின் உயரத்தை, நீட்டிய கையில் பிரஷ் காம்பைப் பிடித்து அளந்து வையுங்கள்.

அடுத்து நிழல். வேறு எதற்கும் முன்னால் நிழலின் எல்லையைப் போட்டு நிரப்பிவிடுங்கள். போட்ட பிறகு வெயில் நகர்ந்தாலும் அதை மாற்றக் கூடாது. பலர் நகரும் நிழலைத் துரத்தித் துரத்தி, கடைசியில் ஒரே சுவரில் ஏழு மணியும் ஒன்பது மணியும் கலந்து கிடக்கும்.

நிழலின் நிறத்தில்தான் இந்தக் கரையின் விசேஷமே இருக்கிறது. அந்தத் தேவாலயச் சுவர் பவளக்கல்லால் கட்டியது. கடலிலிருந்து எடுத்த கல், உடம்பெல்லாம் சின்னச் சின்னத் துளை. பழையது என்பதற்காகப் பழுப்பை அள்ளிப் பூசிவிடாதீர்கள். வெயில் படும் பக்கம் வெள்ளையும் ஓக்கரும், துளி சியன்னாவும். நிழல் பக்கம் அல்ட்ராமரின், சியன்னா, கொஞ்சம் வெள்ளை. மேலே போகப் போக வானத்தின் நீலம் கூடும். ஆனால் வளைவின் அடிப்பகுதியைக் கூர்ந்து பாருங்கள். கீழே கிடக்கும் மணல் வெயிலை வாங்கி மேலே திருப்பி அடிப்பதால், நிழலுக்குள்ளேயே ஒரு மஞ்சள் சூடு தெரியும். அங்கே ஓக்கரும் துளி கிரிம்சனும் சேருங்கள். அது வந்துவிட்டால் இது தனுஷ்கோடி என்று எவரும் சொல்லிவிடுவார்கள். அது இல்லாவிட்டால் எந்த ஊர் இடிபாடாகவும் இருக்கலாம்.

மணலும் மஞ்சள் இல்லை. ஒன்பது மணி வெயிலில் அது வெள்ளையில் லேசாக ஓக்கர் கலந்த நிறம், சுவருக்குப் பக்கத்தில் சாம்பல். கடலுக்கு, கரையோரம் லெமன் எல்லோவும் அல்ட்ராமரினும் வெள்ளையும். தள்ளிப் போகப் போக மஞ்சளைக் குறையுங்கள். அடிவானத்துக்கு மேலே வானம் வெளிறித்தான் இருக்கும், நடு வானத்து நீலத்தை அதுவரை இறக்காதீர்கள்.

வெளிச்சப் பகுதிகளைக் கடைசியில் கெட்டியாக வையுங்கள். நிழல் மெல்லிசு, வெளிச்சம் தடிப்பு. அடியில் டர்பன்டைன் அதிகம், மேலே எண்ணெய் அதிகம். இந்த வரிசையை மாற்றினால் பின்னால் பூச்சு விரிசல் விடும். கல்லின் துளைகள், பனையோலையின் நுனி, தூரத்து வத்தைப் படகு எல்லாம் கடைசிப் பத்து நிமிடத்துக்கு. முடியாவிட்டால் பெட்டியை மூடிவிட்டு மறுநாள் அதே நேரத்துக்கு வாருங்கள்.

பாம்பன் பாலத்துக்கு இரண்டு வார்த்தை. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் புதியது திறந்தாகிவிட்டது. துருப்பிடித்த பழைய இரும்பைத் தீட்ட ஆசைப்படுகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம். சாலைப் பாலத்தின்மேல் ஈஸல் வைக்காதீர்கள், கீழே கரைக்கு இறங்கி வாருங்கள். தூண்களை எண்ணித் தீட்ட வேண்டியதில்லை. அருகில் உள்ளவற்றைச் சரியாக வைத்து, தூரத்தில் உள்ளவற்றை ஒரே சாம்பல் கோட்டில் கரைத்துவிடலாம்.

சித்திரை, வைகாசி வெயிலுக்குக் கீழக்கரைச் சந்துகள்தான் நல்லது. எதிரெதிர் வீடுகள் நெருங்கி நிற்பதால் வெகுநேரம் நிழல் கிடைக்கும். பழைய ஜும்மா பள்ளியின் கல் தூண்களைத் தீட்ட வேண்டுமென்றால் முதலில் பள்ளியில் கேளுங்கள், தொழுகை நேரத்தில் வழியில் நிற்காதீர்கள். மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் உச்சிப்புளியில் கடற்படையும் இருக்கின்றன. அந்தப் பக்கம் பலகையைத் திருப்ப வேண்டாம். குடிசை முன்னால் நிற்பதானாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "என் வீட்டையா வரையப் போறீக? இருங்க தம்பி, வலையை மடிச்சுப் போடுறேன்" என்பார்கள். "அப்படியே கிடக்கட்டும் ஆத்தா" என்று சொல்லுங்கள், வலை இருந்தால்தான் அது அவர்கள் வீடு.

தனுஷ்கோடியில் இன்னொன்று. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஓர் ஊரே போன இடம் அது. ரயிலோடு மக்கள் போனார்கள். அந்தச் சுவர்களில் பிரஷைத் துடைப்பது, கலர் சோதிப்பது, பெயர் எழுதுவது எதையும் செய்யாதீர்கள். கல் தானாகவே உப்பில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. அழுக்கு டர்பன்டைனை மணலில் ஊற்றவும் கூடாது. மூடிய பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்தால் கலர் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் பெட்டிக்குள் திணிக்காதீர்கள். லின்சீட் ஆயில் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும், குவியலாக இருந்தால் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

ஈரப் பலகையை பஸ்ஸில் கொண்டுபோக வழி இருக்கிறது. ஒரே அளவில் இரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலையிலும் சின்னக் கார்க் துண்டு கொடுத்து, ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். கலரில் மணல் ஒட்டியிருந்தால் ஈரத்தில் கை வைக்காதீர்கள், இழுபடும். நன்றாகக் காய்ந்த பிறகு உலர்ந்த பிரஷால் தட்டினால் பாதி உதிரும், மீதியைக் கத்தி முனையால் எடுக்கலாம். மெல்லிய பூச்சு சில நாளில் தொடும்படி காயும், தடிப்பானது வாரக்கணக்கில் ஆகும். அல்ட்ராமரினைவிட கிரிம்சன் தாமதம். வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுங்கள். அடிப்பதற்கு முன் மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, மேலே படிந்திருக்கும் உப்பை ஒருமுறை துடைத்து, முழுதாக உலரவிட்டுவிடுங்கள்.