ஓடையோரம் உட்கார்ந்து ஈப்பிடிப்பான் பார்ப்பது எப்படி

ஈப்பிடிப்பான் பார்க்க வேண்டுமென்றால் முதலில் நடப்பதை நிறுத்த வேண்டும். மற்ற பறவைகளைத் தேடிப் போகலாம், இதற்கு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இந்தக் குருவிகள் ஒரு குச்சியில் அமரும், பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும், திரும்பவும் அதே குச்சிக்கோ பக்கத்துக் குச்சிக்கோ வந்துவிடும். குச்சி எதுவென்று தெரிந்துகொண்டால் பறவை தானாகக் கண்ணுக்கு வரும்.

எனக்குக் கால்நடைத் துறையில் வேலை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து மலை ஊர்களுக்குக் கோமாரித் தடுப்பூசி போடப் போக வேண்டும். விடிந்ததும் போனால்தான் மாடு பட்டியில் இருக்கும், மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டால் பிறகு கையில் சிக்காது. பறவை பார்க்கவும் அதுதான் நல்ல நேரம் என்பதால், ஊசி மருந்து ஐஸ் பெட்டியோடு பைனாகுலரும் வண்டியிலேயே கிடக்கும். "என்ன சார், மாட்டைப் பாக்காம மரத்தையே பாக்கறீங்க?" என்று கேட்காத ஊர் கிடையாது. மாடு நிற்கும் இடத்தில் ஈயும் உண்ணியும் இருக்கும், ஈ இருக்கும் இடத்தில் அதைத் தின்ன ஒருவர் வருவார். மாட்டு முதுகில் கரிச்சான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்காதவர் யார்?

அக்டோபரிலிருந்து மார்ச் வரை காலம். மழை முடிந்து காடு பச்சையாக இருக்கும்போது போகத்தான் எல்லோருக்கும் ஆசை. நான் ஜனவரிக்குப் பிறகுதான் போகச் சொல்வேன். தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகள் பெரும்பாலும் இலையுதிர் காடுகள். சரிவுகளில் இலை கொட்டிய பிறகு நிழலும் ஈரமும் மிஞ்சுவது ஓடையை ஒட்டித்தான்: நீர்மருது, நாவல், புங்கன், மூங்கில். பூச்சி அங்கே ஒதுங்கும், பூச்சி தின்கிறவையும் அங்கேயே ஒதுங்கும். ஒகேனக்கல்லில் பரிசல் துறைக் கூட்டத்தை விட்டுத் தள்ளி ஆற்றோர நீர்மருதுகள், அஞ்செட்டிப் பக்கம் தொட்டஹள்ளா ஓடை, அய்யூர் – பெட்டமுகிலாளம் சாலையோரம், வத்தல்மலைக் காபித் தோட்டங்களின் நிழல் மரங்கள், இவையெல்லாம் நல்ல இடங்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் ஊர்க் கோயில் தோப்பில் தொடங்கலாம், நிழலும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் போதும்.

இதில் பல இடங்கள் சரணாலயத்துக்குள் வருகின்றன. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022-இல் வந்தது, சுமார் 686 சதுர கிலோமீட்டர். வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். அனுமதி இல்லாவிட்டால் சாலையோரமே போதும், உண்மையாகவே போதும். அப்புறம் யானை. ராகி கதிர் முற்றும் காலத்தில் அவை ஊர் ஓரம் வரை வரும். காலையில் ஊருக்குள் நுழைந்ததும், ராத்திரி காவல் பரணில் படுத்தவர் யாராவது இருந்தால் அவரிடம் முதலில் விசாரியுங்கள். "அந்தப் பள்ளத்துப் பக்கம் போகாதீங்க" என்றால் போகக் கூடாது, அவ்வளவுதான். ஓடைப் புதரில் பறவையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறவருக்குப் பின்னால் வருவது தெரியாது. அதனால் தனியாகவும் போகாதீர்கள்.

சரி, உட்காரும் விதம். தண்ணீர் தேங்கிய சிறு குட்டையிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி, அடிமரத்தில் சாய்ந்து உட்காருங்கள். மரத்தில் பறவையைத் தேட வேண்டாம். இலைகளுக்கு நடுவே வெயில் இறங்கும் இடைவெளி ஒன்றைப் பாருங்கள், அந்த வெளிச்சத்தில் பூச்சிகள் மிதப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். எங்கே பூச்சி அதிகமோ அதைச் சுற்றியுள்ள மொட்டைக் குச்சிகள்தான் நமக்கு வேண்டும். அசைவு தெரிந்ததும் கண்ணை அங்கிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைத் தேடினால் இடம் தவறிவிடும். வாங்குவதாக இருந்தால் 8x42 வாங்குங்கள், அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். 10 மடங்கு பைனாகுலர் இன்னும் பெரிதாகக் காட்டும்தான், ஆனால் அதில் பார்வைப் பரப்பு குறுகும், கை நடுக்கமும் கூடத் தெரியும். ஓடை நிழலில் வெளிச்சம் வாங்கும் 42 மில்லிமீட்டர் கண்ணாடி கைகொடுக்கும்.

எல்லாம் ஒரே உயரத்தில் உட்காராது. தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குள், புதர் நிழலில், ஆரஞ்சு மார்பும் நீல முதுகும் தெரிந்தால் டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். அது இங்கேயே ஆண்டு முழுவதும் இருக்கிற பறவை, அந்தி மங்கிய பிறகும் வேட்டையாடும். காய்ந்த திறந்த கிளையில், பழுப்புச் சாம்பலாக, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு சும்மா உட்கார்ந்திருப்பது பழுப்பு ஈப்பிடிப்பான், குளிர்கால விருந்தாளி. ஒரு நொடிகூட நிற்காமல் வாலை விரித்து விரித்து ஆடுவது விசிறிவால். வெள்ளைப் புருவம் பிடரி வரை அகலமாக ஓடினால் வெண்புருவ விசிறிவால். புருவம் சிறுத்து, மார்பில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் வெண்புள்ளி விசிறிவால்.

நான் ஓடைக்குப் போவதே இன்னொன்றுக்காக. சாம்பல்தலை ஈப்பிடிப்பான். 12, 13 சென்டிமீட்டர்தான் இருக்கும். தலை, கழுத்து, மேல்மார்பு சாம்பல், வயிறு மஞ்சள், முதுகு மஞ்சள் கலந்த பச்சை. ஆண், பெண் இரண்டும் ஒரே மாதிரி. நடு மட்டத்துக் கிளையில் நிமிர்ந்து உட்காரும், தலை உச்சி லேசாகக் கூம்பியிருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். தலை மட்டும் இங்கும் அங்கும் சடக் சடக்கென்று திரும்பும். திடீரென்று குச்சியை விட்டுக் கிளம்பி, காற்றில் ஒரு வளைவு போட்டு, அலகு மூடும் சின்ன 'டிக்' சத்தத்தோடு திரும்பும். பிடித்தது பெரிய பூச்சியாக இருந்தால் குச்சியில் அடித்து விழுங்கிவிட்டு, அலகை இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைக்கும். துடைத்த கையோடு அடுத்த பாய்ச்சல். உடம்பு சிறிது, குரல் பெரிது: 'சிக்… விச்சீ விச்சீ' என்று கீச்சென்று கேட்கும். பல நேரம் குரல் கேட்ட பிறகுதான் ஆளைப் பார்ப்போம்.

மஞ்சள் வயிற்றைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட வேண்டாம். வெள்ளைக்கண்ணியும் மஞ்சள்தான், ஆனால் அதற்குச் சாம்பல் தலை இல்லை, கண்ணைச் சுற்றி அப்பட்டமான வெள்ளை வளையம், கூட்டமாக இலைக்கு இலை தாவும். மாம்பழச்சிட்டுக்கு இறக்கையில் வெள்ளைக் கோடுகள். கதிர்க்குருவி குனிந்து, தவழ்ந்து, இலைக்கு அடியில் பொறுக்கும். நிறத்தில் சந்தேகம் வந்தால் உட்காரும் விதத்தைப் பாருங்கள். நிமிர்ந்த உடம்பும் பாய்ந்து திரும்பும் பழக்கமும் ஏமாற்றாது.

இந்தப் பறவைக்கு 1820-இல் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் அறிவியல் பெயர் வைத்தார். நெடுங்காலம் மற்ற ஈப்பிடிப்பான்களோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். 2000-க்குப் பிறகு மரபணுவைப் பார்த்து, இதையும் வேறு சிலவற்றையும் தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள். மொத்தமே 9 இனங்கள்தான். ஐந்து ஆப்பிரிக்கக் காடுகளில், இன்னொன்று தென்னாப்பிரிக்க வறண்ட புதர்களில், மிச்சம் மூன்றும் ஆசியாவில். அந்த மூன்றில் நம் ஓடைக்கு வருவது இது ஒன்றுதான். பக்கத்துக் குச்சியில் உட்கார்ந்திருக்கும் டிக்கெலைவிட நம் தோட்டத்துப் பட்டாணிக் குருவிதான் இதற்கு நெருங்கிய சொந்தம். ஒரே தொழில் செய்வதால் பார்க்க ஒரே மாதிரி ஆகிவிட்டவர்கள் இவர்கள். இமயமலையிலும் நீலகிரி போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும், பாசி படர்ந்த அடிமரத்திலோ பாறையிலோ பாசியையும் சிலந்தி நூலையும் வைத்துச் சாம்பல்தலை கூடு ஒட்டும். குளிர்காலத்தில்தான் இந்தப் பக்கம் இறங்கி வரும்.

தனியாகக் கண்டுபிடிப்பதைவிடக் கூட்டத்தோடு கண்டுபிடிப்பது சுலபம். மின்சிட்டு, பட்டாணிக் குருவி, கரிச்சான், கதிர்க்குருவி எல்லாம் சேர்ந்து ஒரு வேட்டைக் கூட்டமாக மரத்துக்கு மரம் நகரும், அதில் சாம்பல்தலை அடிக்கடி இருக்கும். மற்றவை இலையைக் கலைக்க, கிளம்புகிற பூச்சியை இது பிடிக்கும். ஓடை நெடுநேரம் சத்தமில்லாமல் கிடந்து திடீரென்று நாலு பக்கமும் கீச்சென்று எழுந்தால் அதுதான் கூட்டம். சில நிமிடங்களில் கடந்துவிடும், அப்போது போனைத் தடவாதீர்கள். அரசவால் ஈப்பிடிப்பானும் இப்படித்தான் பெரும்பாலும் கிடைக்கும். முழு வால் வளர்ந்த ஆணைப் பார்த்தால் கூட வந்தவர்கள் சாம்பல்தலையைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள், அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கருங்கொண்டை, வெள்ளையிலோ செங்காவியிலோ உடம்பு, ஓர் அடி வரை நீண்டு தொங்கும் இரண்டு வால் இறகுகள். பெண்ணுக்கும் இளம் ஆணுக்கும் அந்த நீள வால் கிடையாது. ஆணுக்கு அது வளரவே இரண்டு மூன்று வருடம் ஆகும்.

போனில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கிறவர்களை நான் கூட அழைத்துப் போவதில்லை. வேட்டையை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அது அலைய வேண்டியிருக்கிறது. மார்ச்சுக்குப் பிறகு டிக்கெல் மாதிரி இங்கேயே இருக்கிறவை கூடு வைக்கும். படத்துக்காகக் கூட்டை மறைக்கும் இலையை விலக்கினால் அடுத்து அங்கே வருவது வல்லூறோ அணிலோ குரங்கோதான். கூடு கண்ணில் பட்டால் நடையைக் கட்டிவிடுங்கள்.

எது என்று புரியாத பறவைக்குப் பெயரைத் தேடாமல், உட்கார்ந்த உயரம், நிமிர்ந்ததா குனிந்ததா, அதே குச்சிக்குத் திரும்பியதா, வால் என்ன செய்தது, வயிற்று நிறம், நேரம், மரம் ஆகியவற்றை அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் அந்தக் குறிப்பை வைத்துத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்ட் இணையதளத்தில் பட்டியல் போட்டால் அதில் சேர்ந்துகொள்ளும். மலை ஊர்களில் சிக்னல் வராது, பட்டியலைத் தொடங்கி வைத்துக்கொண்டு டவுனுக்கு வந்த பிறகு ஏற்றிவிடுங்கள்.