டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்குக்குக் கைக்குழந்தையோடு காரில் செல்லும் முறை

என்3 நெடுஞ்சாலையில் டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்க் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் என்றால் ஆறு மணி நேரத்தில் போய்விடலாம்; கைக்குழந்தை உடன் வந்தால் ஒன்பது மணி நேரம் என்றே கணக்கு வைத்து, அங்கே காத்திருக்கும் உறவினரிடமும் அதையே சொல்லிவிடுங்கள். ‘எதுவரை வந்தீர்கள்’ என்று அடிக்கடி வரும் அழைப்புதான் வண்டி ஓட்டுபவரை அவசரப்படுத்தும்.

முதல் வேலை, குழந்தை இருக்கை. மடியில் வைத்துக்கொண்டால் போதாதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். போதாது. 3 வயதுக்குட்பட்ட குழந்தையைத் தகுந்த இருக்கையில் அமர்த்த வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டிலிருந்து தென்னாப்பிரிக்காவில் சட்டம். அதைவிட முக்கியம், 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதினால் எட்டுக் கிலோ குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. கைக்குழந்தையின் தலை கனம், கழுத்தோ இளசு. ஆகவே இருக்கை வண்டியின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் இதை ஒருபோதும் பொருத்தாதீர்கள்.

பொருத்திய பின், பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் மறுபடியும் இறுக்க வேண்டும். பின்னோக்கிய இருக்கையில் தோள்வார், குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். அதை இறுக்கியதும் தோளருகே இரு விரலால் கிள்ளிப் பாருங்கள்: வார் மடிப்பாகக் கையில் வந்தால் இன்னும் தளர்வு இருக்கிறது. ஜூன், ஜூலை குளிர்கால விடுமுறையில் செல்பவர்கள் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வாரை மாட்டி, மேலே போர்வை போர்த்துங்கள். பஞ்சு அமுங்கிவிட்டால் வார் தளர்ந்துவிடும்.

அடுத்து, புறப்படும் நேரம். நம்மவர்களுக்கு அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பும் பழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவெல்லாம் குழந்தையோடு விழித்திருந்தவர் இருட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டக் கூடாது. டிசம்பரில் டர்பனில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். ஐந்தரைக்குப் புறப்பட்டால் போதும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுத்து, சற்று நேரம் கை கால் நீட்டிப் படுக்க விடுங்கள். மூயி ரிவர் வட்டாரத்தில் ஒரு நிறுத்தம், ஏறக்குறைய பாதி வழியான ஹாரிஸ்மித்தில் நீண்ட நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். நாப்பி மாற்றச் சாலையோரத்தில் நிறுத்த வேண்டாம்; பெட்ரோல் நிலையத்துக்குள் போங்கள்.

பட்கோஸ், அதாவது வழிச்சோறு, இல்லாமல் இந்த ஊரில் பயணம் ஏது? ஆனால் ஓடும் வண்டியில் முறுக்கு, வேர்க்கடலை, முழுத் திராட்சை ஆகியவற்றைச் சிறுவர்களுக்குக் கொடுக்காதீர்கள்; தொண்டையில் அடைத்தால் முன்னிருக்கையில் இருப்பவருக்குத் தெரியாது. மூத்த குழந்தை இருந்தால், நிறுத்தத்தில் இறக்கி இட்லி ஊட்டலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை, பால் போதும். புட்டிப்பாலை முன்கூட்டியே கலந்து வைக்காமல், தேவைப்படும்போது புதிதாகக் கலக்குங்கள். கலந்து இரண்டு மணி நேரமானதைக் கொட்டிவிடுங்கள்.

வான் ரீனன் கணவாய் ஏறும்போது காது அடைக்கும். டம்மியை, அதாவது ரப்பர் சூப்பானை, சப்பக் கொடுத்தால் குழந்தைக்குச் சரியாகிவிடும். அந்த வளைவுகளில் நான்கு வயது மூத்தவன் கையில் கைபேசியைக் கொடுத்தது என் தவறு. அவன் திடீரென்று பேச்சை நிறுத்தி, உதடு வெளுத்து, என்னைப் பார்த்தான்; மறுநொடி சாப்பிட்டது அத்தனையும் வாரின் கொக்கிக்குள். அந்தப் புளித்த வாடை ஜோகனஸ்பர்க் வரை உடன் வந்தது. இப்போது ஏற்றத்தில் கைபேசி கிடையாது, ஜன்னல் வழியே தொலைவில் பார்க்கச் சொல்கிறோம்; பழைய துண்டு ஒன்றும் மாற்றுடுப்பும், டிக்கியில் அல்லாமல், கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன.

கோடைப் பிற்பகலில் ஹைவெல்டில், அதாவது ஜோகனஸ்பர்கைச் சுற்றிய மேட்டுச் சமவெளியில், இடியும் ஆலங்கட்டி மழையும் வரும். வழியிலுள்ள வில்லியர்ஸ் ஊரைத் தாண்டி வானம் கறுத்தால் கூரையுள்ள பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கி, மழை ஓயும் வரை குழந்தையை இருக்கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.