வெளிநாட்டு இதய வைத்தியக் குழு வரும்போது

இதயத்தில் ஓட்டையோடு பிறந்த மகளைக் கிளிநொச்சியிலிருந்து கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்வந்த தாய் நான்.

பிள்ளைகளுக்கு இதய அறுவை செய்ய வரும் வெளிநாட்டுக் குழுக்கள் கொஞ்ச நாள்தான் நிற்கும். பிள்ளைகளை இங்குள்ள இதய வைத்தியர்கள்தான் முன்கூட்டியே தெரிவுசெய்து வைப்பார்கள். ஆகவே கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். எக்கோ (இதய ஸ்கான்) அறிக்கையையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் வையுங்கள். போன் நம்பர் மாறினால் உடனே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பல். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சூத்தைப் பல்லின் கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கலாம். மகளின் கடைவாயை டோர்ச் அடித்துப் பார்த்த டொக்டர், “முதல்ல இந்தப் பல்லைப் பிடுங்குங்கோ, பிறகு திகதி தாறன்” என்றார். பல்லைக் கிளிநொச்சியிலேயே காட்டிவிட்டுப் போங்கள்.

போகிற நேரம் காய்ச்சல், சளி இருந்தால் மறைக்காதீர்கள். அறுவை தள்ளிப்போகலாம்; பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு.

அரச வைத்தியசாலையில் அறுவை இலவசம். இடையில் காசு கேட்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.