மரவள்ளி மாவும் மரத்தூளும்: வீட்டில் தாவரப் பிளாஸ்டிக்

ஜவ்வரிசி வடாம் போடத் தெரிந்த வீட்டில் தாவரப் பிளாஸ்டிக், அதாவது மாவைக் காய்ச்சி எடுக்கும் பிளாஸ்டிக் போன்ற தாள், செய்யப் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். கூழின் பதம், ஷீட்டில் இழுத்துவிடும் கை எல்லாம் அதேதான். கூடவே கிளிசரினும் வினிகரும், விரும்பினால் கொஞ்சம் மரத்தூளும் வேண்டும்.

மரவள்ளி ஸ்டார்ச் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் நான்கு மேசைக்கரண்டி, வெள்ளை வினிகர் ஒரு டீஸ்பூன். கிளிசரினை மருந்துக் கடையில் வாங்குங்கள். பன்னீர் கலந்தது வேண்டாம். மரவள்ளி கிடைக்காவிட்டால் கார்ன்ஃப்ளார் போதும், ஆனால் மரவள்ளியில் தாள் தெளிவாக வருகிறது.

கிளிசரின் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாவு வெந்து காயும்போது அதன் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். கிளிசரின் நடுவில் புகுந்து அவற்றை நழுவ விடுகிறது. இல்லாவிட்டால் தாள் மடித்ததும் உடையும். பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஒரு டீஸ்பூன். ஆனால் கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. நான் பெரம்பூரில் அரை டீஸ்பூன்தான் ஊற்றுகிறேன். ஒரு டீஸ்பூன் ஊற்றினால் ஐப்பசி மழையில் தாள் கையில் பிசுபிசுக்கும்.

எல்லாவற்றையும் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே கட்டியில்லாமல் கரையுங்கள். சிறு தீயில் கை எடுக்காமல் கிளற வேண்டும். பால் போல இருப்பது ஓரத்தில் முதலில் கெட்டியாகும், பிறகு திடீரென மொத்தமும் கண்ணாடிப் பதத்துக்கு வரும். அதற்கு மேல் ஒரு நிமிடம் போதும். வேகமாகக் கிளறினால் குமிழி நிற்கும். அந்த இடத்தில்தான் பிறகு ஓட்டை விழும். கொதிக்கும் கூழ் தெறித்தால் தோலில் ஒட்டிக்கொள்ளும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

மரத்தூள் சேர்ப்பதானால் இப்போது, ஒரு டீஸ்பூன். தேக்கோ வேம்போ அறுக்கும் பட்டறையில் கேட்டு வாங்கி, முகக்கவசம் போட்டு மாவுச் சல்லடையில் சலித்து, வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். பிளைவுட் தூள் வேண்டவே வேண்டாம். அதன் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் இருக்கும். மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸும் மாவும் ஒரே குளுக்கோஸால் ஆனவைதான், கோர்த்திருக்கும் விதம் மட்டும் வேறு. அதனால் செல்லுலோஸ் வெந்நீருக்கு அசையாது. மரக்கூழைக் கரைத்து செலோஃபேன் தாளாக்க எரிசோடாவும் கார்பன் டைசல்ஃபைடும் வேண்டும். அது தொழிற்சாலை வேலை, சமையலறைப் பக்கம் கொண்டுவராதீர்கள். நம் கூழில் மரத்தூள் கரையாமலே கிடந்து தாளுக்கு விறைப்புத் தருகிறது, அவ்வளவுதான்.

சரி, சூடாக இருக்கும்போதே வடாம் ஷீட்டில் ஊற்றி, ஸ்கேலால் தோசை கனத்துக்கு இழுத்துவிடுங்கள். பிளாஸ்டிக்குக்கு மாற்று செய்யப் பிளாஸ்டிக் ஷீட்டா என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் எவர்சில்வர் தட்டில் ஊற்றினால் உரித்தெடுக்க முடிவதில்லை. வடாமிலிருந்து மாறும் ஒரே இடம் வெயில்: கத்திரி வெயிலில் நேரே வைத்தால் ஓரம் சுருண்டு நடுவில் வெடிக்கும். நிழலில், ஃபேன் காற்றில் காயவையுங்கள். கோடையில் இரண்டு நாள். மழைக்காலத்தில் பூஞ்சை முந்திக்கொள்ளும், நான் அப்போது செய்வதே இல்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததால், இதில் பை செய்யலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மீன் வாங்கிப் போட்டால் வீடு வந்து சேராது. தண்ணீர் பட்டால் இளகிவிடும். உலர்ந்த பொருளுக்குத்தான் இது. நான் கீரை விதைக்கு உறை செய்கிறேன். மரத்தூள் போடாத தாளைச் சதுரமாக வெட்டி, மடித்து, ஓரத்தில் ஈர விரலால் தடவி அழுத்தினால் தானே ஒட்டிக்கொள்ளும், பசை வேண்டாம். விதைக்கும்போது உறையைப் பிரிக்காமல் அப்படியே தொட்டியில் புதைத்துத் தண்ணீர் விடுங்கள்.