செட்டிநாட்டில் வாக்காளர் பதிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கங்களில் ஒரு கேள்வியும் கூடவே எழுகிறது: "பூர்வீக வீடு இங்கேதானே இருக்கிறது, எனக்கு ஏன் இந்த ஊரில் ஓட்டு இல்லை?" இதற்கான விடை 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் தெளிவாகவே இருக்கிறது. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரை அங்கே வழக்கமாக வசிப்பவராகக் கொள்ள முடியாது என்று அது சொல்கிறது. இந்தப் பகுதியின் வணிகச் சமூகமான நகரத்தாரின் கோயிலில் புள்ளியாக, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பமாக, சேர்ந்தவர்களின் குடும்பம் எந்த ஊரில் குடியிருந்தாலும் அந்தக் கோயிலுக்கு உரியதாகவே இருக்கும். வாக்காளர் பட்டியலோ இன்று நீங்கள் உண்டு உறங்கி வாழும் முகவரியை மட்டுமே கேட்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாததே இந்தப் பகுதியில் நடக்கும் பதிவுத் தவறுகளில் முதன்மையானது.

சென்னையில் குடியிருந்துகொண்டு, அங்கும் பெயர் இருக்க, ஊரிலும் ஒரு பெயர் இருக்கட்டும் என்று விட்டுவைப்பது இதன் தொடர்ச்சி. அதே சட்டத்தின் 17, 18ஆம் பிரிவுகள் ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளிலோ, ஒரே தொகுதியில் இருமுறையோ இடம்பெறுவதைத் தடுக்கின்றன. பொய்யென்று தெரிந்தே உறுதிமொழி கொடுத்துப் பெயர் சேர்த்தால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஊரின் மீதுள்ள பற்றால்தான் பலரும் இப்படிச் செய்கிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆனாலும், ஆண்டில் சில நாள்கள் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் வந்து போகிறவர், குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் இங்கேயே காத்திருப்பவரின் வார்டு உறுப்பினரைத் தீர்மானிப்பது நியாயமாகாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அது முதியவர்களை அதிகம் பாதிக்கிறது. ஊரிலேயே வாழ்கிறவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று சில மாதங்கள் தங்கிவிடுவதால் அவர்களுடைய வசிப்பிடம் மாறிவிடுவதில்லை. தற்காலிகமாக வெளியூர் செல்வதால் உரிமை போகாது என்பதையும் அதே 20ஆம் பிரிவு சொல்கிறது. எனினும் வாக்காளர் பட்டியல் திருத்தப் பணியின்போது, வீடுவீடாகச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்து பார்க்கையில் வீடு பூட்டிக் கிடந்து, விவரம் சொல்ல அக்கம்பக்கத்திலும் ஆள் இல்லையென்றால், பெயர் விடுபடக்கூடும். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் இறந்தவர்களைவிட, இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களே மிகுதி. பூட்டிய வீடுகள் நிறைந்த நம் தெருக்களில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் கிளம்பும் முன் வாக்குச்சாவடி நிலை அலுவலரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்வதும், பக்கத்து வீட்டாரிடம் விவரம் சொல்லிச் செல்வதும், வரைவுப் பட்டியல் வெளியானதும் பெயரைத் தேடிப் பார்ப்பதும் அவசியம்.

படிவத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது அடுத்தது. பொன்னமராவதியில் பிறந்து தேவகோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் தொகுதியைச் சேர்ந்தது; தேவகோட்டை சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடித் தொகுதியைச் சேர்ந்தது. மாவட்டமே மாறுகிறதே என்று எண்ணிப் புகுந்த வீட்டார் படிவம் 6 நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அது முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு உரியது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் தொகுதிக்குள் மாறினாலும் தொகுதி விட்டு மாறினாலும் படிவம் 8 கொடுத்தால் போதும். தந்தை பெயருக்குப் பதிலாகக் கணவர் பெயரைச் சேர்ப்பதும், எழுத்துப்பிழை திருத்துவதும், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை கேட்பதும் அதே படிவத்தில்தான். படிவம் 7 பெயர் நீக்கத்துக்கும் ஆட்சேபணைக்கும் உரியது. குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அதைக் கொடுக்காமல் விடுவதும் ஒரு குறையே.

நான் மிகவும் வருந்துவது வேறொன்றைப் பற்றி. பெரிய வீடுகளைக் காவல் காத்துக்கொண்டு அங்கேயே தங்கியிருக்கும் குடும்பங்களும், ஆத்தங்குடிப் பூக்கல் எனப்படும் தரைக்கல் செய்யும் தொழிலுக்கும் கட்டட வேலைக்கும் வந்து வாடகைக்குக் குடியிருப்பவர்களும், வீடு தங்கள் பெயரில் இல்லாததால் விண்ணப்பிக்க முடியாது என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். சொந்த வீடு சட்டத்தின் நிபந்தனையே இல்லை. வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் சட்டம் கேட்பதில்லை. அந்த முகவரி உள்ள ஆதார் அட்டை, வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், எரிவாயு ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றுள் ஒன்று சான்றாகும். எதுவுமே இல்லாவிட்டால் அலுவலர் நேரில் வந்து விசாரித்துச் சேர்க்க வழியிருக்கிறது. வேலைக்கு இருக்கும் குடும்பம் பெயர் சேர்த்துக்கொண்டால் பின்னாளில் வீட்டுக்கு உரிமை கொண்டாடுமோ என்று சில உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் சொத்தில் உரிமை பிறந்துவிடாது. எனவே அவர்களை விண்ணப்பிக்கச் சொல்லி ஊக்குவியுங்கள்.

முகவரி எழுதும்போதும் கவனம் வேண்டும். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளில், பங்காளிகளுக்குள் பிரிந்த பின் ஒரே வீட்டுக்குப் பழைய இலக்கமும் புதிய இலக்கமும் வழங்குகின்றன. ஒரு குடும்பத்தார் ஆளுக்கொரு தெருப் பெயரை எழுதினால் அவர்கள் வாக்காளர் பட்டியலின் வெவ்வேறு பாகங்களில், சில சமயம் வெவ்வேறு வார்டுகளில் சிதறிப்போவார்கள். பெயரின் முன்னெழுத்துகளும் அப்படியே: மூன்று நான்கு முன்னெழுத்துகள் கொண்ட பெயர்கள் இங்கே இயல்பு என்பதால், பள்ளிச் சான்றிதழில் இருப்பதை ஒட்டியே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது நல்லது.

பதினெட்டு நிரம்பியவர்கள் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாள்கள் நான்கும் வயதைக் கணக்கிடும் தகுதி நாள்களாக உள்ளன. பதினேழு வயது நிரம்பியவரே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ வழியாகக் கடவுச்சீட்டில் உள்ள ஊர் முகவரியில் சேரலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு அது பொருந்தாது.

உள்ளாட்சித் தேர்தலுக்கென்று தனிப் படிவம் இருப்பதாக எண்ணிக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். சட்டமன்றத் தொகுதிப் பட்டியலையே அடிப்படையாகக் கொண்டு மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியான பட்டியலை வெளியிடுகிறது. ஆகவே முன்னதில் இல்லாத பெயர் பின்னதிலும் இருக்காது. காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிச் சுற்றுவட்டார ஊர்கள் சில அதனுடன் இணைந்திருப்பதால், முன்பு எந்த வார்டில் வாக்களித்தோம் என்ற நினைவை நம்பாமல் புதிய பட்டியலில் தேடிப் பார்ப்பதே சரி. கையில் அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்களிக்க இயலாது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் வேட்புமனுவுக்கான கடைசி நாளோடு பெயர் சேர்ப்பு நின்றுவிடும். ஆட்சேபணைக்கென ஒரு வார அவகாசமும் தேவைப்படுவதால் அதற்கு நன்கு முன்னதாகவே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். வாக்காளர் பதிவு அலுவலர் விண்ணப்பத்தை நிராகரித்தால், 15 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் மறுக்கப்பட்டால் 30 நாள்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.