சிகேஏடி தேர்வில் வெளியீட்டுப் பகுதிக்குத் தயாராகும் முறை

செயலிகளைப் பல கணினிகளில் இயக்கி மேலாளும் குபெர்னெட்டிஸைப் பயன்படுத்தும் மென்பொருள் உருவாக்குநர்களுக்கான சிகேஏடி (CKAD) சான்றிதழ்த் தேர்வில் கொள்குறி வினாக்கள் இல்லை. 2 மணி நேரத்திற்குள் இயங்கும் கிளஸ்டரில் (இணைந்து செயல்படும் கணினித் தொகுப்பில்) பணிகளைச் செய்து காட்ட வேண்டும், தேர்ச்சிக்கு 66 விழுக்காடு வேண்டும். செயலிகளை வெளியிடும் பகுதிக்கு மட்டும் 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு.

முதலில் ஒரு டெப்ளாய்மென்டை (செயலியின் எந்தப் பதிப்பு, எத்தனை நகல்களாக இயங்க வேண்டும் என்ற வரையறையை) உருவாக்கி, அதன் இமேஜை (செயலி பொதிந்த கோப்பை) வேண்டுமென்றே தவறான பெயருக்கு மாற்றி, ரோல்அவுட் எனும் புதுப்பிப்பின் நிலையையும் வரலாற்றையும் பார்த்தபின் முந்தைய பதிப்புக்குத் திரும்பிப் பழகுங்கள். புதுப்பிப்பின்போது கூடுதலாக எத்தனை பாடுகள் (pods, செயலியின் இயங்கும் நகல்கள்) எழலாம், எத்தனை இல்லாமற்போகலாம் என்ற இரு வரம்புகளின் இயல்பு மதிப்பும் 25 விழுக்காடு என்பதையும் அறிந்திருங்கள்.

அடுத்து, புதிய பதிப்பைக் கோரிக்கைகளில் சிறு பங்குக்கு மட்டும் முதலில் திறந்து பார்க்கும் கேனரி முறை. ஒரே லேபிளை (அடையாளக் குறியை) பகிரும் இரு டெப்ளாய்மென்டுகளில் பழையதற்கு 9 பாடுகளும் புதியதற்கு 1 பாடும் கொடுத்தால், ஒரே சர்வீஸ் (கோரிக்கைகளைப் பாடுகளுக்குப் பிரித்தனுப்பும் வாயில்) வழியாக வரும் கோரிக்கைகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதிய பதிப்புக்குச் செல்லும். பழைய, புதிய பதிப்புகளை அருகருகே இயக்கி ஒரேயடியாக மாறும் புளூ-கிரீன் முறையிலோ சர்வீஸின் செலக்டரை (எந்த லேபிளுள்ள பாடுகளுக்கு அனுப்புவது என்ற குறிப்பை) மாற்றினாலே போதும். பலர் அஞ்சுகிற அளவுக்கு அது கடினமன்று.

குபெர்னெட்டிஸ் செயலிகளைத் தொகுப்புகளாக நிறுவும் கருவியான ஹெல்மில் நிறுவுதல், மேம்படுத்துதல், பின்வாங்குதல் ஆகிய மூன்றும் கைப்பழக்கமாக வேண்டும். தேர்வின்போது குபெர்னெட்டிஸ் ஆவணங்களைப் பார்க்கலாம் என்றாலும், யாமல் கோப்பை (அமைப்பு விவரங்களை எழுதும் கோப்பை) டிரை-ரன் (கிளஸ்டரில் எதையும் மாற்றாத ஒத்திகை) வழியாக உருவாக்கித் திருத்துவதே விரைவானது.